பொன்னாடை தம்பிக்கு, கதவு எனக்கு

வழக்கென்று வந்தவரை வாய்ச்சொல் ஒன்றாலேயே சமாதானமாக்கி வீட்டுக்கு அனுப்பிவைக்கும் ஊர்ப் பெரியவர், இந்த அவையின் தலைவர், கேசவன் ஐயா அவர்களே! கோட்டைக்குப்பம் மகளிர் குழுவின் தலைவி, என் அன்புச் சகோதரி நந்தினி அவர்களே! விடியலில் கூடை சுமந்து, வெயிலில் விலை பேசி, வீடு திரும்பி உலை வைத்து, இடுப்பு வலியோடு இங்கே வந்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! முன்னால் மணலைக் குவித்து விளையாடும் மழலைகளே! பின்னால் படகில் சாய்ந்துகொண்டு, "இந்தம்மா எப்போ முடிக்கும்"னு முணுமுணுக்கும் இளைஞர்களே! மாலையும் கழுத்துமாக மேடையில் வீற்றிருக்கும் இன்றைய விழா நாயகர், என் வீட்டுக் கதவை உடைத்த வீரர், தம்பி பிரபாகரன் அவர்களே! உங்கள் எல்லோருக்கும், உடைந்த கதவுக்குச் சொந்தக்காரி கலைவாணியின் வணக்கம்.

சிரிக்காதீர்கள். கைதட்டவும் வேண்டாம். ஏன் வேண்டாம் என்று போகப் போகச் சொல்கிறேன்.

மகளிர் குழுவின் ஆண்டு விழாவில், என் உயிரைக் காப்பாற்றியதற்காகத் தம்பிக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். வாழ்த்திப் பேச என்னையே அழைத்திருக்கிறீர்கள். பேனரில் தம்பியின் படம் பெரிதாகவும் என் படம் சிறிதாகவும் இருக்கிறது. காப்பாற்றப்பட்ட உயிர் இதுதான் என்று அடையாளம் காட்டுவதற்காக இருக்கலாம்.

நான் யார்? இந்தக் கடற்கரையில் என்னைத் தெரியாதவர் உண்டா? கல்யாணம் என்றால் கலைவாணி, காதுகுத்து என்றால் கலைவாணி, கருமாதி என்றாலும் கலைவாணி! பொன்னேரிக் கல்லூரியில் தமிழ் படித்தவள். பொன்னேரிச் சந்தையில் இறால் விற்பவள். என் குரல் சந்தையின் இந்த வாசலில் புறப்பட்டால் அந்த வாசலில்தான் நிற்கும். ஆனால் தாய்மார்களே, குரல் பெரிதென்றால் மனம் கூட்டத்தைத் தேடுகிறது என்றா பொருள்? கடல் காற்றுக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய ஊர் நம் ஊர். இங்கே இரகசியம் பேசினாலே மூன்று வீட்டுக்குக் கேட்கும். இந்த ஊரில் சத்தத்தை வைத்து ஒருவர் சுபாவத்தைச் சொல்ல முடியுமா?

முடியும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். சென்ற மாதம் நம் இளைஞர் மன்றம் ஒரு பயிலரங்கம் நடத்தியது. பொன்னேரியிலிருந்து ஹேமாவதி என்ற பேராசிரியை வந்தார். மனிதர் இரண்டு வகை என்றார். உள்ளுக்குள் வாழ்கிறவர் அகமுகர், ஊருக்குள் வாழ்கிறவர் புறமுகர். இன்ட்ரோவெர்ட், எக்ஸ்ட்ரோவெர்ட் என்று சொல்வார்களே, அது. "இந்த ஊருல எக்ஸ்ட்ரோவெர்ட் யாரு?" என்று அவர் கேட்டதுதான் தாமதம், அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. அதோ, என் பக்கத்து வீட்டுப் பச்சையம்மா அக்கா எழுந்தார்.

"இன்னா கேள்வி இது? எங்க கலைவாணிதான்! அது வாயத் தொறந்தா கடலே கம்முனு கெடக்கும்!"

நானும் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினேன். பேராசிரியை அம்மையார் என்னையே பார்த்தார். "பேசறது வேற, சுபாவம் வேற. ஒரே ஒரு கேள்வி கேட்டுக்குங்க. கூட்டத்துலேர்ந்து வீட்டுக்குத் திரும்பும்போது உங்களுக்குத் தெம்பு ஏறியிருக்கா, எறங்கியிருக்கா?" என்றார்.

தூக்கிய கை தூக்கியபடியே நின்றது.

எத்தனை மேடை, எத்தனை மாலை, எத்தனை மைக்! இறங்கி வீட்டுக்குப் போகும்போது ஒரு நாளாவது எனக்குத் தெம்பு இருந்ததா? கல்யாண வீடுகளில் எல்லோருக்கும் முந்திக்கொண்டு அண்டா கழுவ ஓடுவேன். "இன்னா பொறுப்பு பாரு"ன்னு மெச்சினீர்கள். பொறுப்பா அது? அண்டாவுக்குள் தலையை விட்டுக்கொண்டால் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள், அதற்காக ஓடினேன்! சந்தையிலிருந்து திரும்பும்போது நீங்கள் எல்லோரும் ஷேர் ஆட்டோவில் ஏறுவீர்கள். நான் "பஸ்ஸுல வரேன்"னு சொல்லிப் பின்தங்குவேன். கஞ்சத்தனம் என்று கேலி செய்தீர்கள். கஞ்சத்தனம் இல்லை தாய்மார்களே, களைப்பு. உங்கள் மேல் வெறுப்பு இல்லை. உங்கள் மேல் எனக்கு உயிர். ஆனாலும் களைப்பு.

அந்தக் கேள்வியை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பதில் தெரிய வேண்டுமென்றால் தனியாக இருந்து பார்க்க வேண்டும் அல்லவா? ஆகவே ஒரு பட்டப்பகலில், இந்த ஊரில் எந்தப் பெண்ணும் செய்யத் துணியாத ஒரு காரியத்தைச் செய்தேன். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

பாருங்கள், "ஐயோ" என்கிறீர்கள். உங்கள் "ஐயோ"வின் காரணம் எனக்குத் தெரியும். அந்தக் காரணத்தின் பெயர் ருக்கு.

எதிர்ச்சாரியில் இருந்தாளே, நம் ருக்கு. அவளும் ஒரு பகலில்தான் கதவைச் சாத்தினாள். தூங்குகிறாள் போலும் என்று ஊர் கடந்து போனது. நானும் கூடையோடு அந்த வழியாகத்தான் போனேன். பொழுது சாய்ந்து கதவைத் திறந்தபோது ருக்கு இல்லை. உடம்பு இருந்தது, ருக்கு இல்லை. அன்று அம்மன் முன்னால் கூடி முடிவெடுத்தோம். பகலில் எந்தக் கதவு சாத்தியிருந்தாலும் தட்டுவது, திறக்காவிட்டால் உடைப்பது. அந்த முடிவை இதே ஒலிபெருக்கியில் கண்ணீரோடு அறிவித்தவள் யார்? நான்தான். என் ஊர் நல்ல ஊர். அதில் எனக்கு இம்மியளவும் ஐயமில்லை.

ஆனால் அன்று என் கதவுக்குள் என்ன நடந்தது தெரியுமா? ஒன்றும் நடக்கவில்லை! சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தேன். யாருக்கும் பதில் சொல்லவில்லை. யாரையும் சிரிக்க வைக்கவில்லை. யாருக்கும் ஆறுதல் சொல்லவில்லை. ஓட்டின் இடுக்கு வழியே ஒரு வெளிச்சம் தரையில் விழுந்திருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஏதோ ஒன்று இறங்கி, படிந்து, தெளிந்தது. எனக்கு அழுகை வந்தது. துக்கத்தினால் அல்ல. இத்தனை வயதுக்குப் பிறகு என்னை நானே சந்தித்த சந்தோஷத்தினால்! நான் அகமுகர். ஊரே கூடி ஊருக்குள் நிறுத்தி வைத்த அகமுகர்.

அப்போதுதான் தட்டினார்கள்.

நான் திறந்திருக்க வேண்டும். "இருக்கேன்"னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கடலையே கம்மென்று கிடக்க வைக்கும் இந்த வாய், அன்று அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்சமே கொஞ்ச நேரம் என்று கெஞ்சியது மனம். பச்சையம்மா அக்கா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். கண்ணீரும் கம்பலையுமாக நான். அவர் போட்ட கூச்சலில் கரையில் வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் ஓடி வந்தார்கள். தம்பி பிரபாகரன் தோளால் மோதினார். தாழ்ப்பாள் நிலையிலிருந்து பெயர்ந்தது. ஊர் உள்ளே வந்தது. ஊர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதது. அத்தனை அன்பு தாய்மார்களே, அத்தனை அன்பு! என்னால் மூச்சுவிட முடியவில்லை.

என் வீட்டுக்காரர் ஆதிநாராயணன் இறால் பிடிக்கப் போயிருந்த ஏரியிலிருந்து ஈர வேட்டியோடு ஓடி வந்தார். அதோ மூன்றாவது வரிசையில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருக்கிறாரே, அவர்தான்.

"இன்னாமே ஆச்சு உனுக்கு? நான் இன்னா கொற வெச்சேன்?" என்றார்.

"ஒரு கொறையும் இல்லய்யா. சும்மா தனியா இருந்தேன்" என்றேன்.

"தனியாவா? நான் செத்தாதானே நீ தனி?"

நான் மறுபடி சாத்திவிடக் கூடாதென்று அவரே அழுதுகொண்டே கீலைக் கழற்றி, உடைந்த கதவை வீட்டிலிருந்து எடுத்துப் போனார். இப்போது என் வாசலில் பழைய புடவை ஒன்று தொங்குகிறது. காற்றடித்தால் அதுவும் ஊர்ப் பக்கம் சேர்ந்துகொள்கிறது.

அன்று முதல் எனக்குக் காவல். காலையில் பச்சையம்மா அக்கா. மதியம் குழுவிலிருந்து முறை வைத்து ஒருவர். அந்தியில் பிள்ளைகள். குளிக்கப் போனால் ஓலைத் தட்டிக்கு வெளியே நின்றுகொண்டு, "இன்னும் எவ்ளோ நேரம்க்கா?" நான் பேசாமல் இருந்தால் பயப்படுகிறீர்கள், அதனால் பேசுகிறேன். பேசினால் "தேறிட்டா"ன்னு சந்தோஷப்பட்டு இன்னும் பத்துப் பேரை அழைத்து வருகிறீர்கள். தனிமரம் தோப்பாகாது என்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். தோப்பில் நிற்கும் மரத்துக்கும் வேர்விடக் கொஞ்சம் மண் வேண்டாமா? அன்று கதவுக்குள் இருந்த கலைவாணி சாக நினைக்கவில்லை. சத்தியமாக நினைக்கவில்லை. ஆனால் இன்று கதவில்லாமல் இருக்கும் கலைவாணி...

அந்த வாக்கியத்தை நான் முடிக்கப் போவதில்லை. முடித்தால் நாளை முதல் காவல் இரண்டு மடங்காகும்.

கைதட்டாதீர்கள் என்றேனே! நீங்கள் தட்டத் தட்ட நான் தோற்றுக்கொண்டிருக்கிறேன். நான் தனிமையை நாடுகிறவள் என்று நன்றாகப் பேசினால், "இவ்ளோ நல்லா பேசறவளா தனியா இருக்கறவ?" என்று நம்ப மறுக்கிறீர்கள். தட்டுத் தடுமாறிப் பேசினால் யார் கேட்கப் போகிறீர்கள்? உங்களிடம் வந்து சேர எனக்கிருப்பது இந்த நாக்கு ஒன்றுதான். அதுவோ எனக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. நான் எங்கே போய் முறையிடுவேன்?

உங்களையும் குறை சொல்ல முடியவில்லையே! ருக்குவின் கதவைத் தட்டியிருக்க வேண்டும். என் கதவை விட்டிருக்க வேண்டும். வெளியே நிற்கிறவருக்கு எந்தக் கதவு எது என்று எப்படித் தெரியும்? ஒரே மரம், ஒரே தாழ்ப்பாள், ஒரே மௌனம். தெரியாது. தெரியவே தெரியாது. பல இரவு யோசித்தும் எனக்கே விளங்காத இடம் இது.

இன்று மேடை ஏறும்போது காலில் ஏதோ இடித்தது. குனிந்து பார்த்தேன். தாழ்ப்பாள். நான் நின்றுகொண்டிருக்கும் இந்த நீலப் பலகை, தாய்மார்களே, என் வீட்டுக் கதவு. தலைவர் ஐயா தலையாட்டுகிறார். மேடைக்குப் பலகை குறைந்ததாம், என் வீட்டுக்காரரே தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தாராம். நல்லது. எந்தக் கதவுக்குப் பின்னால் மௌனமாக இருந்தேனோ, அதன் மேலேயே நின்று பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே இந்த அவையிடம் ஒன்று கேட்கிறேன். பட்டம் கேட்கவில்லை, பதவி கேட்கவில்லை, பொன்னாடை கேட்கவில்லை. விழா முடிந்ததும் இந்தக் கதவை என் வீட்டில் மாட்டிவிடுங்கள்! பகலில் கொஞ்ச நேரம் நான் சாத்திக்கொள்கிறேன். நீங்கள் தட்டுங்கள். தட்ட வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, ருக்கு போன ஊர் இது. நீங்கள் தட்டினால் "இருக்கேன்"னு உள்ளேயிருந்து சொல்வேன். அம்மன் மேல் ஆணையாகச் சொல்வேன். அந்தக் குரலைக் கேட்டதும் நீங்கள் உள்ளே வராமல் திரும்பிப் போக வேண்டும். குரல் வரவில்லையா, அப்போது உடையுங்கள்! தம்பி, நீயே உடை! அந்தத் தோளை நான் குறை சொல்லவில்லையப்பா. இன்னொரு ருக்குவின் வாசலுக்கு அது ஓடியே ஆக வேண்டும்.

சம்மதிக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள்.

தூக்குங்கள் அம்மா.

அங்கே ஒரு கை... கொசு அடித்தீர்களா, சரி. இளைஞர்களே? நந்தினி? தம்பி பிரபாகரன் தரையைப் பார்க்கிறார். நீங்களாவது, யோவ், நீயாவது... துண்டை எடுய்யா முகத்திலிருந்து. எடுக்க மாட்டேன் என்கிறார்.

தலைவர் ஐயா என்னவோ சொல்கிறார். "பேச்சு பிரமாதம்மா. இன்னா ஒரு பேச்சு! அம்மன் திருவிழாவுக்கும் நீதான் பேசணும். பலகை அதுவரிக்கும் இங்கியே கெடக்கட்டும்" என்கிறார். கேட்டீர்களா? இதற்கும் கைதட்டுகிறீர்கள்.

சரி. விழா நாயகருக்குப் பொன்னாடை போர்த்திவிடுகிறேன். நிமிர்ந்து நில்லு தம்பி. நீ நல்லவன். இந்த ஊரில் எல்லோரும் நல்லவர்கள். அதனால்தான் எனக்கு வழியே இல்லாமல் போய்விட்டது.

பொறுமையோடு கேட்ட பெரியவர்களுக்கும், கண்கலங்கிய தாய்மார்களுக்கும், மேலே எழாத அத்தனை கைகளுக்கும் என் நன்றி. கதவில்லாத வீட்டுக்கு நான் புறப்படுகிறேன். அந்தத் தெருமுனை வரைக்குமாவது தனியாக நடந்து போக என்னை...

பச்சையம்மா அக்கா பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். வா அக்கா, போகலாம். எல்லோருக்கும் வணக்கம்.