பயத்தைக் கேட்க வந்தவர்கள்

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ். புத்தலப்பட்டு தாண்டியதும், முன் சீட்டில் இருந்த பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்:

“பள்ளிக்கூடத்துல யாரைக் கண்டா பயம்னு புள்ளைங்கள கேக்கறதுக்குன்னே ஒரு சங்கமாம்க்கா. எம்பொண்ணு ஸ்கூலுக்கு வந்துகீறாங்க.”

“கேட்டு இன்னா பண்ணப் போறாங்க?”

“புள்ளைங்க சந்தோஷமா படிக்கணுமாம். எனக்கு நம்பிக்கையில்ல. டீச்சரை வெளிய அனுப்பிட்டுக் கேட்டாங்களாம். நாளைக்கு அந்த டீச்சரு யாரு மேல கோவத்தைக் காட்டுவாங்க? அந்த சங்கத்துக்காரங்களையே நேராப் போய் கேட்டுட்டேன்.”

“இன்னா சொன்னாங்க?”

“வந்திருந்த அம்மா கோவப்படலக்கா. உக்கார வெச்சு, ‘நீங்க படிச்சப்போ யாருக்கு பயந்தீங்க?’ன்னு என்னியே கேட்டாங்க.”

“சொன்னியா?”

“தெலுங்கு வாசிக்க வரலன்னு சாரு மூணு நாளு வெயில்ல நிக்க வெச்சாரு. நாலாம் நாளு நான் போவல. அஞ்சாவதோட நின்னுட்டேன். அதைச் சொல்லிட்டேன்.”

“உங்க நைனா கூலி வேலைக்கு அனுப்பிட்டாருன்னு இல்ல சொல்லிக்கினு இருந்தே?”



“எல்லார்கிட்டயும் அப்படித்தான்க்கா சொல்லிக்கினு இருந்தேன். மொத தடவ பாத்தவங்ககிட்ட எப்பிடி வாய் வந்துச்சு? அதான் அவங்க மேல இன்னும் சந்தேகமா கீது.”