கூறையில் ஆறு பை

குத்திவிட்டான்.

தூரத்தில் ஆமி செல் குத்தும் சத்தம். டொம். பிறகு ஒன்றும் இல்லை. பிறகு கூவல். கூவல் தலைக்கு மேலே கடந்து போனால் அது வேறு யாருக்கோ. பாதியில் நின்றால் எங்களுக்கு.

"படுங்கோ! எல்லாரும் படுங்கோ!"

படுக்கிறேன். எனக்குக் கீழே என் மகள் கலா. மூன்று வயது. அவள் வாயில் மணல். வெடிக்கிறது. கடல் பக்கம். நிலம் எங்களை ஒருமுறை தூக்கிப் போடுகிறது. எங்கள் பங்கரின் இடது பக்கச் சுவர் சத்தமில்லாமல் சரிகிறது.

2009. பங்குனி மாதம். முல்லைத்தீவுக் கடற்கரை. அங்கே எங்கே வெட்டினாலும் மணல். பங்கருக்கென்று வெட்டிய குழி வெட்டியபடி நிற்காது. சுவருக்குப் பை அடுக்க வேண்டும். பைக்குள் மணல் நிரப்ப வேண்டும். மணல் இருக்கிறது. பை இல்லை. உரப்பை, சாக்கு எல்லாம் முன்னால் வந்தவர்களோடு முடிந்துவிட்டது.

சேலை இருந்தது.

ஒரு சேலையில் ஆறு பை வரும். எனக்கு இதைச் சொன்னவள் வசந்தி. என் மனைவி மலரின் தங்கை. வயது இருபத்திரண்டு. ஊரில் தையல் வேலை செய்தவள். நான் எழுதுவது அவளைப் பற்றி. அவளுடைய கல்யாணக் கூறைச் சேலையைப் பற்றி. அது எங்கே போனது என்று தெரிந்தவர்கள் நானும் மலரும் மட்டும். கலாவுக்குத் தெரியாது. அவள் அப்போது குழந்தை.

கலா இப்போது கல்யாணத்துக்கு நிற்கிறாள். போன கிழமை என் உடுப்பை மடித்துக்கொண்டு கேட்டாள்.

"அப்பா, ரெண்டு சாரம், ரெண்டு சேட்டு. ஒரு மனுசனுக்கு இது எப்பிடிக் காணும்?"

நான் வெளியே போய் மாட்டை அவிழ்த்துக் கட்டினேன். கட்டிய மாட்டைத் திரும்ப அவிழ்த்தேன். எனக்கு வாயால் சொல்ல வராது. எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் பாயும் பக்கம். காற்று வளமாக அடித்தால் திருக்கேதீஸ்வரத்து மணி கேட்கும். நாங்கள் ஊரை விட்டு வெளிக்கிட்ட அன்று மணி கேட்கவில்லை. செல் கேட்டது. நெல் பால் பிடித்து நின்றது. வரம்பில் நடந்தபோது கதிர் காலில் உரசியது. அதை இப்போதும் உணர்கிறேன்.

கையில் பிள்ளை. தோளில் அரிசி. உடுப்பை எதில் கொண்டுபோவது? உடம்பில். ஊரே அப்படித்தான் போனது. சட்டைக்கு மேல் சட்டை. வெயிலில் வேர்த்து வேர்த்து நடந்தோம். நான் ஒரு சாரத்துக்கு மேல் இன்னொரு சாரம் உடுத்தியிருந்தேன். என்னிடம் இருந்தது அவ்வளவுதான். வயல்காரனுக்கு அது போதும். ஒன்று தோய்த்துக் காயும்போது மற்றது இடுப்பில்.

வசந்தி மட்டும் பெட்டி தூக்கினாள். தகரப் பெட்டி. அதற்குள் அவள் சேலை, மலரின் சேலை, செத்துப்போன அவர்கள் தாயின் சேலை. பதினான்கு.

"அதைப் போட்டுட்டு வா!" என்று மலர் கத்தினாள்.

"அக்கா, சீலை தின்னாது. பேசாமல் நட."

மடுப் பக்கம். பிறகு வெள்ளாங்குளம். பிறகு கிளிநொச்சி. ஒவ்வொரு இடத்திலும் ஒரு கொட்டில் போட்டோம். ஒவ்வொரு கொட்டிலையும் விட்டு ஓடினோம். கிளிநொச்சியில் வசந்திக்கு ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. அங்கேயும் கல்யாணம் பேசினோம். சிரிப்பாக இருக்கலாம். ஆனால் பேசினோம். நாள் வைக்கவில்லை. அதற்குள் செல் வந்துவிட்டது. இரண்டு வீட்டாரும் வேறு வேறு வழியால் ஓட வேண்டியிருந்தது. அப்போது மாப்பிள்ளையின் தாய் ஒரு பொதியைக் கொண்டுவந்து வசந்தியின் கையில் வைத்தார்.

"பிள்ளை, இதை நீயே வைச்சிரு. எங்களுக்கு ஒண்டு நடந்தாலும் உனக்குக் கூறை இருக்கும்."

கூறை மாப்பிள்ளை வீட்டிலிருந்து தட்டத்தில் வர வேண்டும். இது கடதாசிப் பொதியில் வந்தது. சிவப்புப் பட்டு. மஞ்சள் கரை. வசந்தி அதை உடுத்திப் பார்க்கவில்லை. தாலி ஏறும் நாளில்தான் கூறை உடலில் பட வேண்டும் என்றாள். பெட்டியின் அடியில் வைத்தாள். மேலே அம்மாவின் சேலைகள்.

கடற்கரைக்கு வந்தோம். பெட்டி திறந்தது.

முதலில் மலரின் சேலைகள். வசந்தி பல்லால் கடித்துக் கிழிப்பாள். நேராகப் போகும். பிறகு ஊசி. மூன்று பக்கம் தைத்தால் பை. வாயை நூலால் கட்டலாம். நான் மணல் அள்ளினேன். பருத்திச் சேலை பத்து நாள்கூட நிற்கவில்லை. வெயிலில் உக்கியது. மணல் கசிந்தது. நைலெக்ஸ் நின்றது. ஊரில் மலர் மலிவென்று வாங்கிய நைலெக்ஸ். கோயிலுக்கு உடுக்க வெட்கப்பட்ட சேலை. அது எங்களைக் காத்தது.

தைப்பதற்கு அவள் பங்கருக்கு வெளியே இருப்பாள். உள்ளே இருட்டு. இருட்டில் ஊசிக்கு நூல் கோர்க்க முடியாது. குத்துச் சத்தம் கேட்டால் உள்ளே குதிப்பாள். அடங்கினால் ஏறுவாள். இப்படியே நாள் முழுதும். உள்ளே. வெளியே. உள்ளே.

துணி குறைந்தபோது நான் என் மேல் சாரத்தைக் கழற்றிக் கொடுத்தேன். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் கொடுத்தேன். வசந்தி அதை விரித்துப் பார்த்தாள்.

"அத்தான், மூட்டின சாரம், இது வலு சுகம். தைக்கவே தேவையில்லை. ஒரு பக்கத்தைக் கட்டினால் பை."

பிறகு திருப்பி என் மடியில் எறிந்தாள்.

"வேண்டாம், வைச்சிருங்கோ. ஒற்றைச் சாரத்தோடை நீங்கள் வெளியிலை வரமாட்டியள். பிறகு ஆர் தண்ணி அள்ளுறது?"

மலர் சிரித்தாள். "அவருக்கு எப்பவும் ரெண்டு வேணும்."

"ஓம். ஒண்டு உடுக்க. ஒண்டு வெட்கப்பட."

பக்கத்துப் பங்கரில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அந்தக் கடற்கரையில் சிரிப்பு கேட்டது அதுதான் கடைசி. அதற்குப் பிறகு ஒரு சிரிப்பும் எனக்கு நினைவில் இல்லை.

அன்றுதான் இடது சுவர் சரிந்தது. நான் தொடக்கத்தில் சொன்ன அந்தச் செல். வாசலும் இடது பக்கமும் திறந்து கிடந்தன. பெட்டியில் ஒன்றே ஒன்று மிச்சம். மலருக்குப் புரிந்துவிட்டது.

"வசந்தி! கூறையிலை கை வையாதை!"

"பிள்ளை கிடக்கிற பக்கம் திறந்து கிடக்கு அக்கா."

"மாப்பிள்ளை வீட்டுக்கு என்னடி சொல்லுறது?"

"உயிரோடை வந்து கேட்டால் சொல்லுறன். இன்னொண்டு வாங்கித் தரட்டும்."

கடித்தாள். பட்டு கிழியும் சத்தம் வேறு. பருத்தி முனகும். பட்டு கத்தும். கத்தியது. ஆறு துண்டு. ஆறு பை. அவள் தைக்கத் தைக்க நான் நிரப்பினேன். அடுக்கினேன். வாசலில் மூன்று. இடது பக்கம், கலாவின் தலைமாட்டில், மூன்று. மணலுக்குள் சிவப்பும் மஞ்சளும். கலா கையால் தடவிப் பார்த்தாள். பங்கருக்கே கல்யாணம் போல இருந்தது.

மறுநாள். காலை. வெயில் ஏறுகிறது. வசந்தி வெளியே. பொத்துப்போன ஒரு நைலெக்ஸ் பைக்கு ஒட்டுப் போடுகிறாள். கலா அவள் காலடியில். நான் வாசலில்.

டொம்.

"அத்தான்! பிள்ளையை உள்ளுக்கை இழுங்கோ!"

இழுக்கிறேன். கலாவின் கை என் கையில். கூவல். கூவல் நிற்கிறது.

காது கேட்கவில்லை. நெடுநேரம் கேட்கவில்லை. மலரின் வாய் திறந்து திறந்து மூடுகிறது. நான் வெளியே பார்த்தேன். வசந்தி இருந்த இடத்திலேயே சாய்ந்திருந்தாள். ஊசி கையில். நூல் பையில். முகத்தில் ஒரு காயமும் இல்லை. கழுத்துக்குக் கீழே நான் எழுத மாட்டேன்.

எங்கள் ஆட்களில் ஒரு வழக்கம் உண்டு. செத்தவருக்குக் கோடி போட வேண்டும். கோடி என்றால் புதுத் துணி. ஒருவரும் ஒருமுறையும் உடுக்காத துணி. ஏழைக்கும் அது உண்டு. ஒன்றும் இல்லாதவனுக்கும் ஊர் கூடி ஒரு கோடி போடும். கோடி இல்லாமல் போனவர் வெறும் உடம்போடு போனவர்.

கடற்கரையில் எத்தனையோ பேர் அப்படிப் போனார்கள். பாயில். கூடாரத் தறப்பாளில். ஒன்றும் இல்லாமல். எல்லாருடைய துணியும் மணலைச் சுமந்து நின்றது.

மலர் எழுந்தாள். வாசலுக்குப் போனாள். கூறைப் பையைப் பிடித்து இழுத்தாள்.

"என்ன செய்யிறாய்?"

"கோடி இல்லாமல் விடமாட்டன்."

"வெட்டின சீலை, மலர். வெட்டினது கோடியே?"

"அவள் உடுக்கேல்லை. உடுக்காததுதான் கோடி."

நான் கலாவைப் பார்த்தேன். பைகளைப் பார்த்தேன். ஆறையும் எடுத்தால் பிள்ளைக்கு மறைப்பு இல்லை. தூரத்தில் திரும்பவும் குத்துகிறான். எங்களுக்கு இல்லை. இன்னும் இல்லை.

"வாசல் பை மூண்டையும் எடு. தலைமாட்டுப் பையிலை தொடாதை."

மலர் என்னை ஒருமுறை பார்த்தாள். தலையாட்டினாள்.

தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தேன். வசந்தியின் தையல் நெருக்கம். இலகுவில் விடவில்லை. நூல் ஈறைக் கிழித்தது. மணல் கொட்டியது. துண்டுகளை உதறினோம். கரையில் மணல் ஒட்டியிருந்தது. ஒன்று தலைக்கு. ஒன்று நெஞ்சுக்கு. ஒன்று காலுக்கு. மூன்றும் ஒன்றோடொன்று சேரவில்லை. மலர் வசந்தியின் கையிலிருந்த ஊசியை எடுத்தாள். அதே நூல். மூன்றையும் இணைத்துத் தைத்தாள். தைத்து முடியும்வரை அவள் அழவில்லை.

பங்கருக்குப் பின்னால் வெட்டினேன். ஆழம் போகவில்லை. மணல் சரிந்துகொண்டே இருந்தது. முடிந்த அளவு.

திரும்பி வந்தால் வாசல் திறந்து கிடந்தது. உள்ளே கலா. டொம். நான் என் மேல் சாரத்தைக் கழற்றினேன். ஒரு பக்கத்தை முடிந்தேன். அள்ளினேன். மற்றப் பக்கத்தை முடிந்தேன். உருட்டி வாசலில் போட்டேன். அவள் சொன்னது சரி. தைக்கவே தேவையில்லை. சேட்டையும் கழற்றினேன். அதன் கையிரண்டையும் கட்டி அதற்குள்ளும் மணல். ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். ஒற்றைச் சாரத்தோடு, வெறும் மேலோடு நின்றேன். எனக்கு வெட்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு கடலேரித் தண்ணீரைக் கடந்து ஆமிப் பக்கம் போனோம். நெஞ்சளவு தண்ணீர். தலைக்கு மேல் பிள்ளை. பிறகு முகாம். கம்பி வேலி. அங்கே என்னிடம் ஒரு சாரம். தோய்க்க வேண்டுமென்றால் உடுத்தபடி தோய்த்து, உடுத்தபடி காய வேண்டும். குழாயடியில் பெண்கள். காய்ந்து முடியும்வரை கூடாரத்துக்குப் பின்னால் நிற்பேன். ஒரு நாள் முன்பின் அறியாத ஒருவர் வந்தார். அவரும் மெலிந்துபோயிருந்தார். ஒரு பழஞ்சாரத்தை என் தோளில் போட்டார்.

"என்னட்டை ரெண்டு கிடக்கு தம்பி. உடுங்கோ."

போய்விட்டார். பெயர் கேட்கவில்லை. அவரிடம் மூன்று இருக்கவில்லை. இரண்டுதான்.

இப்போது ஊர்ப் பக்கம் திரும்பி நறுவிலிக்குளத்தில் இருக்கிறோம். வீடு இருக்கிறது. அலுமாரி இருக்கிறது. அலுமாரி முழுக்க மலரின் சேலைகள். பாதிக்கு மேல் அவள் உடுத்தவே இல்லை. துணிக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்தால் அவள் நிறம் பார்ப்பதில்லை. கரை பார்ப்பதில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்ப்பாள். கலாவுக்குச் சிரிப்பு. "அம்மா என்ன, கயிறே வாங்கிறியள்?" எனக்குச் சிரிப்பு வராது. மலருக்கு எத்தனை வாங்கினாலும் காணாது. எனக்கு இரண்டுக்கு மேல் பாரம். ஒரே கடற்கரையிலிருந்துதான் இரண்டு பேரும் வந்தோம்.

போன கிழமை கலாவுக்குக் கூறை எடுக்க மாப்பிள்ளை வீட்டார் எங்களையும் மன்னாருக்குக் கூட்டிப்போனார்கள். நான் கடை வாசலில் நின்றேன். சிவப்புப் பட்டு ஒன்றை மேசையில் விரித்தார்கள். மலர் இரண்டு கையாலும் பிடித்தாள். இழுத்தாள்.

"என்ன சம்பந்தி, பலம் பாக்கிறியளோ?" என்று மாப்பிள்ளையின் தாய் கேட்டார்.

மலர் அவரைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள்.

"இது நிக்கும்," என்றாள்.

கடைக்குள் நான் போகிறவன் இல்லை. போனேன். அவள் கையைப் பிடித்து விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். "இது உடுக்க, மலர்," என்றேன். எல்லாரும் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் கலா அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

இதுதான் பதில், பிள்ளை. ஒரு ஆளுக்கு இரண்டு வேண்டும். ஒன்று உடுக்க. மற்றது கொடுக்க. வெட்கத்துக்கு என்று வசந்தி சொன்னாள். வெட்கம் போய்விட்டது. சாரம் மிச்சம்.

கணக்கு.

சேலை பதினான்கு. எல்லாம் பையாகி அந்த மணலில். சாரம் ஒன்று, சேட்டு ஒன்று. பங்கர் வாசலில். தகரப் பெட்டி ஒன்று. ஒரு போக நெல். அறுக்கவில்லை. கூறையைக் கொடுத்த தாய், அவருடைய மகன். இன்றுவரை தகவல் இல்லை.

கூறை ஒன்று. ஆறு துண்டு. மூன்று வசந்தியோடு. மூன்று உன் தலைமாட்டில். நாங்கள் அந்த இடத்தை விட்டு எழும்பும்வரை அந்த மூன்றும் சரியவில்லை.

வெளிக்கிட்டது நாலு பேர். வந்தது மூன்று பேர்.