கல்லு முறுக்கு

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போக, சிம்பாங் பூலாயில் ஈப்போ பஸ் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் கொதித்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கே ஆர்டர் அனுப்புறா அக்கா. என்ன திமிரு பாருங்க!”

“யாரு லா?”

“என்னை மாதிரியே முறுக்கு விக்கிற மாலாதான். தீபாவளி ஆர்டர் அவளுக்கு நிறைஞ்சிருச்சாம். பேஸ்புக் லைவ்ல வந்து, என் பேரைச் சொல்லி, ‘இனிமே செல்விகிட்ட வாங்குங்க, கை சுத்தம், நம்பி வாங்கலாம்’னு சொல்றா.”

“நல்லதுதானே சொன்னா?”

“போன வாரம் நான் லைவ்ல அவ முறுக்கைக் கல்லுன்னேன் அக்கா. அன்னையிலேர்ந்து எனக்கு ஒரு ஆர்டரும் வரல. இப்ப அவ சொன்னதும் போன் நிக்காம அடிக்குது.”

“அப்ப சனங்க யாரை நம்புறாங்க?”

செல்வி கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

“மன்னிப்பு கேளு லா.”

“நேர்ல போயா?”

“திட்டினது லைவ்லதானே?”

முருகா, இந்தப் பிள்ளை வாயில் நல்ல வார்த்தை வரட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். செல்வி முடியைச் சரிசெய்து, போனைத் தூக்கிப் பிடித்தாள்.

“எல்லாருக்கும் வணக்கம். மாலாக்கா முறுக்கு கல்லு இல்லீங்க. சொன்னது தப்பு, மன்னிச்சிருங்க. கொஞ்சம் கெட்டி, அவ்வளவுதான்.”

அக்கா நறுக்கென்று கிள்ளினாள்.

“ஆ! சரி, நல்லா மொறுமொறுன்னு இருக்கும். என்னோடது முடிஞ்சா அங்க வாங்குங்க.”