கிளாசிக்கல் பேலட்

செருப்பு அங்கியே கெடக்கட்டும் சார், யாரும் எடுக்க மாட்டாங்க. இந்த ஹாலுக்குள்ள மட்டும் வெறுங்காலோட வந்துருங்க. தேக்குப் பலகைத் தரை, ஷட்டில் ஆடறதுக்குன்னு போட்டது. தோ, ஃபேனுக்கு நேரா அந்தச் சேர்ல குந்துங்க. கிளப்பு செக்ரட்டரி சோமசுந்தரம் சார் காலையிலியே போன் பண்ணிட்டாரு. யோவ் பாவாடை, கமிட்டியிலேந்து விசாரணைக்கு ஒருத்தர் வராரு, நீ வாட்ச்மேனு, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, வளவளன்னு பேசாதன்னாரு. எனக்கு அதுதாங்க வராது.

ஆமாங்க, அந்த லெட்டருதான் வெவகாரம், தெரியும். ஹால் கேட்டு அந்தப் புள்ளைங்க எழுதுன லெட்டரு. பாலேன்னு டான்ஸ் பேரு இருந்த எடத்துல, யாரோ ஒரே ஒரு இங்கிலீஷ் எழுத்த மாத்தி பேலட்டுன்னு ஆக்கிட்டாங்க. டான்ஸு ஓட்டுச்சீட்டு ஆயிடுச்சி. மாத்துனது அவங்கதான்னு முடிவாயிட்டா ஹால புடுங்கிருவீங்க, வர ஞாயித்துக்கெழம மொத ஆட்டமும் போச்சி. குள்ளஞ்சாவடி கூட்ரோடு வரைக்கும் நோட்டீஸ் ஒட்டியாச்சி சார்.

யாரு மாத்துனதா? இருங்க, மொதல்ல அவங்க யாருன்னு தெரிஞ்சிக்கங்க. ஆளத் தெரியாம வெசாரிச்சி இன்னா ஆவப் போவுது.

அந்த பாலே கம்பெனிக்கு ரெண்டு தலைங்க. எழில்மதின்னு ஒரு பொண்ணு, ஜெயகணேஷுன்னு ஒரு தம்பி. எழில்மதி நம்ம முத்தாண்டிக்குப்பம். முந்திரிக்காட்டுல கூலிக்குப் போற குடும்பம். அவங்கம்மா பாண்டிச்சேரியில ஒரு வெள்ளக்காரம்மா வூட்டுல சமையலுக்கு நின்னாங்க. அந்த வூட்டு மாடியில இந்த டான்ஸு கிளாஸு. அங்க வெளையாடிகினு இருந்த புள்ள, பாத்துப் பாத்தே கால் கட்டவெரல்ல நின்னுடுச்சாம். அப்பறம் பெங்களூரு, பம்பாயின்னு மேடையேறி பேரெடுத்துட்டு, போதும் நம்மூர்ல போடலாம்னு திரும்பி வந்துடுச்சி.

தம்பி டவுன்ஷிப் புள்ள. அப்பா மைன்ஸ்ல பெரிய வேலையில இருந்து ரிட்டையர் ஆனவரு, சொந்த ஊரு கரூர் பக்கம். பெங்களூருக்கு இஞ்சினியர் படிக்க அனுப்புனா, பட்டத்தயும் வாங்கிகினு, காலக் காதுக்கு நேரா தூக்கறதயும் கத்துகினு வந்துட்டான். அப்பாவுக்கு வெளிய சொல்ல வெக்கம். பிளாக்குல யாரு கேட்டாலும், பையன் சொந்தமா கம்பெனி ஆரம்பிச்சிருக்கான்னு மட்டும் சொல்லி வுட்டாரு. பொய்யில்ல பாருங்க. ஆனா நம்ம ஊருல கம்பெனின்னு சொல்லிட்டா சும்மா வுடுவாங்களா? மறுவாரமே கோட்டர்ஸ் வாசல்ல பயோடேட்டாவோட பதினோரு பேரு. ஒரு வெல்டரு கேக்கறான், வேல காண்ட்ராக்டா பர்மனெண்டான்னு. முட்டி நேரா நின்னுச்சின்னா பர்மனெண்டுன்னு இந்தத் தம்பியும் சிரிக்காம சொல்லிடுச்சி. அந்த வெல்டரு நெசமாவே சேந்துட்டான் சார். செகண்ட் ஷிப்டு முடிச்சிட்டு தூங்கி எழுந்திரிச்சி வந்து, ரெண்டு பொண்ணுங்கள ஒரே கையில தூக்கறான். கேஸ் சிலிண்டர் தூக்குன கையாச்சே.

நானா? நான் இன்னும் காண்ட்ராக்டுதாங்க. பத்தொம்பது வருஷமாச்சி. இந்தவாட்டி பர்மனெண்ட் லிஸ்ட்டுல பேரு வந்திருக்குது, கமிட்டி கையெழுத்துதான் பாக்கி. ஊட்டுக்காரி இப்பவே மாரியாத்தாளுக்குக் கூழு ஊத்தறதா வேண்டிகினு உக்காந்திருக்கா. அத வுடுங்க.

இந்த ரெண்டு பேருக்கும் எதுலயும் ஒத்துப் போவாது சார். பாட்டு வேகமா வைக்கணும்னு தம்பி சொன்னா எழில்மதி மெதுவாங்கும், இவன் கைய இங்க வைன்னா அது அங்க வைங்கும். எட்டு எண்ணறதுக்கு ஒரு சண்ட. தம்பி சுத்த இங்கிலீஷ்ல எண்ணுவான். அது ஏழோட நிறுத்திட்டு, எட்டாவது எண்ணிக்க மூச்சு வாங்கறதுக்குன்னு சொல்லும். இதுக்கு நடுவுல புலியே புலியேன்னு கத்துவாங்க. மொத நாளு நான் தப்பு மோளம் எங்கன்னு தேடுனேன், புலியாட்டம்னு நெனச்சி. கேட்டா, முட்டிய மடக்கறதுக்கு பிரெஞ்சுக்காரன் பேரு அதாம். புலியும் வரல ஒண்ணும் வரல, பதினாலு புள்ளைங்க கம்பியப் புடிச்சிகினு குந்தி எழுந்திரிக்குதுங்க.

கதையா? கதையும் நம்மூருதாங்க. நெலத்தடித் தண்ணியில ஒரு மகராசி தூங்கறா. பம்பு போட்டு மேல இழுக்கறாங்க. வாய்க்காலோட வந்தவ, ஊரயே பாத்துட்டு, திரும்பிப் போவ மாட்டேங்கறா. அவ்ளோதான். எழில்மதிதான் மகராசி. பாத்தீங்கன்னா கண்ணு கலங்கிடும், சொல்லிட்டேன்.

வரேன், வரேன், லெட்டருக்குத்தான் வரேன்.

அதுக்கு முன்னாடி எங்க ஆடிகினு இருந்தாங்கன்னா முந்திரி குடோன்ல. சிமெண்டுத் தரை. ஒரு பொண்ணுக்குக் கணுக்கால்ல எலும்பு விண்டுடுச்சி. இன்னும் நாலு பேரு கட்டுப் போட்டுகினு வந்தாங்க. இப்படியே போனா ஒரு வருஷத்துல ஒருத்தருக்கும் காலு இருக்காதுன்னு எழில்மதி இங்க வந்து நின்னுச்சி. செக்ரட்டரி சார் மூணுவாட்டி தொரத்திட்டாரு. ஷட்டிலு, கல்யாணம், யூனியன் மீட்டிங்கு, இதுக்குத்தான் ஹாலு, டான்ஸு கீன்ஸுக்கெல்லாம் கெடையாதுன்னுட்டாரு. மூணாவதுவாட்டி, எழுதிக் குடுத்துட்டுப் போம்மா பாப்போம்னாரு. பாக்க மாட்டாருன்னு எனக்கே தெரியும்.

அன்னிக்கு எழுதறதுக்கு இங்கதான் குந்துனாங்க. எழுதி முடிச்சிட்டு எழில்மதி செருப்பக் கழட்டிட்டு தரைய வந்து தடவிப் பாத்துச்சி. அண்ணா, இத யாரு பாத்துக்கறாங்கன்னு கேட்டுச்சி. நான்தாம்மான்னேன். ஒருவாட்டி குதிச்சிப் பாக்கட்டுமான்னு கேட்டுச்சி. குதிச்சது சார், இம்மாம் ஒசரம். எறங்குனப்ப சத்தமே வரல. பத்தொம்பது வருஷத்துல எத்தினி பேரு இது மேல தொம்மு தொம்முன்னு குதிச்சிருப்பான். எனக்கு ஒடம்பே சிலுத்துடுச்சி. லெட்டர எங்கையில குடுத்து, செக்ரட்டரி வூட்டுல சேத்துடுங்கண்ணான்னு சொல்லிட்டு ரெண்டும் பஸ்ஸுக்குப் போயிடுச்சுங்க.

கொண்டும் போய்க் குடுத்தேன். சார் கண்ணாடியப் போட்டாரு, படிச்சாரு, கீழ யாரு கையெழுத்துன்னுகூடப் பாக்காம சடார்னு எழுந்து நின்னுட்டாரு. கிளாசிக்கல் பேலட் பிராக்டீஸ்னு இருக்குதாம். யூனியன் எலக்‌ஷனாச்சே, இந்த நேரத்துல ஓட்டுச்சீட்டுப் பயிற்சிக்கு ஹால் இல்லன்னு எவன் வாயத் தொறப்பான்? கிளாசிக்கல்னா இன்னா சார்னு நானும் கேட்டேன். மிஷின் இல்லாம பழைய முறையில சீட்டுல குத்தறதுதான்யா கிளாசிக்கல்னு எனக்கே பாடம் நடத்திட்டு, மூணு மாசத்துக்கு சாயங்கால ஹாலுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாரு.

அதோட வுட்டாரா? ராயப்பனுக்கும் போன், பெரியண்ணனுக்கும் போன். ரெண்டு பேரும் எதிரெதிர் யூனியன் தலைவருங்க, ஒரு டீக்கடையில கூட ஒண்ணா நிக்க மாட்டாங்க. எனக்குத் தெரியாம அவன் ஓட்டுக்கு ஒத்திகை பாக்கறானான்னு ரெண்டு பேரும் மொத நாளே முப்பது முப்பது ஆளோட வந்துட்டாங்க. கதவத் தொறந்தா, புலியே. அறுவது ஆம்பளைங்களும் அப்படியே நின்னுட்டானுங்க. எழில்மதிதான் நிறுத்தாமலே, பாக்கறதுன்னா செருப்பக் கழட்டிட்டு ஓரமா குந்துங்கன்னுச்சி. குந்துனவங்க ஆறேமுக்கால் வரைக்கும் எழுந்திரிக்கல. இப்ப ராயப்பன் வெல்டருக்கு கட்சி, பெரியண்ணன் மகராசிக்கு கட்சி. தெனம் வராங்க. ஒரே பெஞ்சி.

செக்ரட்டரிக்கு எப்படித் தெரிஞ்சுதா? சாயங்காலத்துல அவரு இந்தப் பக்கமே வர மாட்டாரு. போன வாரம் ஜெனரல் பாடியில, நம்ம கிளப்புல சீட்டு ஓட்டுக்குப் பயிற்சி குடுக்கறோம்னு பெருமையா பேசிட்டாரு. கூட்டம் மொத்தமும் சிரிச்சிருக்குது. மனுசனுக்கு அவமானமாத்தான் இருக்கும், தப்பு சொல்ல முடியாது. அந்தக் கோவத்துலதான் புள்ளைங்க மேல ஃபோர்ஜரின்னு எழுதிக் குடுத்துட்டாரு.

இன்னாங்க சார் அது, பையிலேந்து இன்னும் ரெண்டு காயிதம்? எழில்மதி எழுதுனதா. இன்னான்னு? எழுத்த மாத்துனது நான்தான், ஜெயகணேஷுக்கு ஒண்ணும் தெரியாதுன்னா? சரி, இன்னொண்ணு. இது தம்பியா. அதுவும் அதேவா? நான்தான் மாத்துனேன், எழில்மதியத் தண்டிக்காதீங்கன்னா?

சிரிக்கக் கூடாதுதான் சார், மன்னிச்சிருங்க. எட்டு எண்ணறதுக்கு ஒத்துப் போவாத ஜென்மங்க. அவன் பண்ணிட்டான்னு அது நெனச்சிகினு இருக்குது, அது பண்ணிடுச்சின்னு இவன் நெனச்சிகினு இருக்கறான். நாலு நாளா ரெண்டும் மூஞ்சிய மூஞ்சி பாக்காம ஆடிகினு இருந்துச்சுங்க. நானும் வழக்கமான சண்டன்னு வுட்டுட்டேன். இதுக்குத்தானா.

ரெண்டு பேர்ல யாரு சொல்றது நெசம்னு என்னக் கேட்டா, ரெண்டும் பொய்யிங்க. சாட்சியா? சாட்சி எதுக்கு, மாத்துனது நான்.

எட்டாவதுதான் படிச்சேன். ஆனா எலக்‌ஷன் வந்தா பொட்டி தூக்கறது, நோட்டீஸ் ஒட்டறது நான்தானே, பேலட்டுங்கற அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்த எனக்கு அத்துப்படி. செக்ரட்டரி வூட்டு கேட்டாண்ட சைக்கிள நிறுத்திட்டு லெட்டரப் பிரிச்சிப் பாத்தேன். அதே வார்த்த மாதிரியே இருந்துச்சி, ஒரு எழுத்துதான் வேற. இங்கிலீஷ் சின்ன ஈ. வாயத் தொறந்துகினு இருந்துச்சி. பேனாவால அத மூடி வுட்டேன், ஓ ஆயிடுச்சி. அந்தப் புள்ளைங்களத் திரும்ப சிமெண்டுக்கு அனுப்ப மனசு வரல சார், வேற ஒண்ணுமில்ல.

தெரியுங்க. எம் பர்மனெண்ட் பேப்பரும் அதே பையிலதான் இருக்குது. அத இன்னா பண்ணணுமோ பொறுமையா பண்ணுங்க. ஞாயித்துக்கெழம ஆட்டத்துக்கு மட்டும் இப்பவே கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க சார், அஞ்சு மணிக்கு ரெண்டும் வந்துரும்.