ஸ்டெல்லா உயிரைக் கொடுக்கவில்லை

"படுங்கோ! ஷெல் வருது, படுங்கோ!"

படுக்கிறோம். வாயெல்லாம் மணல். தூரத்தில் ஒரு 'டொப்'. தலைக்கு மேல் கூவல். பிறகு காது அடைத்துப்போகிறது. நிமிர்ந்தால் பக்கத்துப் பதுங்குகுழி இல்லை. என் கணவரும் மாமியாரும் அதற்குள்தான் இருந்தார்கள். சித்திரை மாதம். காலை வேளை. அடித்தது இராணுவம். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

அதற்கு முந்திய மாதம் நடந்ததையும் சொல்லவேண்டும். கஞ்சிக்கு வரிசையில் நிற்கிறோம். முன்னால் என் மகள் ஸ்டெல்லா. பதினாறு வயது. கையில் வாளி. எங்கள் இயக்கத் தலைவரின் ஆட்கள் சண்டைக்கு ஆள் பிடிக்க வந்தார்கள். அவளை இழுத்தார்கள்.

"அம்மா, விடாதேங்கோ!"

நான் விடவில்லை. தோளில் மாட்டியிருந்த துவக்கின் பிடியால் என் மணிக்கட்டில் அடித்தார்கள். சில நாளில் அவளுடைய சவப்பெட்டி வந்தது. திறக்க விடவில்லை.

நானும் என் தம்பியும் மட்டும் தப்பிக் கடல் கடந்தோம். இப்போது நான் பெசன்ட் நகரில், மாடியில் ஒற்றை அறை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். தம்பி சிந்தாதிரிப்பேட்டையில். அவனுக்குத் தலைவர்தான் எல்லாம்.

போன மாதம் மயிலாப்பூரில், போரில் இறந்தவர்களுக்கு நினைவுக் கூட்டம். விளக்கேற்றத் தம்பிதான் கூப்பிட்டான். மேடையில் ஸ்டெல்லாவின் பள்ளிக்கூடப் படம். இரட்டைப் பின்னல், ரிப்பன் எல்லாம் அப்படியே. கழுத்துக்குக் கீழே மட்டும் போர் உடையை ஒட்டியிருந்தார்கள். 'தலைவருக்காக உயிர் கொடுத்தவள்' என்று எழுத்து. எனக்கு உடம்பு பற்றி எரிந்தது. மைக்கைப் பிடித்தேன். "என்ரை பிள்ளை உயிரைக் குடுக்கேல்லை. தலைவரின்ரை ஆக்கள்தான் பறிச்சுக்கொண்டு போனவை." மைக்கை அணைத்துவிட்டார்கள்.

மறுநாள் இணையத்தில் ஒருவர் பேசுகிறார். போர்க்காலத் தலைவனைக் குறை சொல்பவள் எதிரியின் கூலியாம். தாய் என்பதே வேஷமாம். அடப்பாவி! முந்திய கூட்டங்களில் இராணுவம் கொன்றது என்று நான் சொன்னபோது கை தட்டினாயே. அப்போது இனித்த என் பேச்சு இப்போது கசக்கிறதா? இரண்டையும் பார்த்தது இதே கண்தான். இனி என்ன சொல்லித் திட்டினாலும் இரண்டையும்தான் சொல்வேன்.

மீன் வாங்கப் போனபோது மீன்காரம்மா கேட்டாள். "இன்னாக்கா, போன்ல எவனோ உன்ன திட்டிக்கினு கீறான்?" சொல்ல வாயெடுத்தேன். வேறு ஆள் வந்துவிட்டார். அவள் சங்கரா மீனை நிறுக்கத் திரும்பிவிட்டாள்.

தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்ததும் தம்பி சாப்பிட வருவது வழக்கம். வரவில்லை. போன் வந்தது.

"அக்கா, பிழையாச் சொல்லிப்போட்டன் எண்டு ஒருக்கா வீடியோவிலை சொல்லுங்கோ. இல்லாட்டி நான் உங்கடை தம்பியில்லை."

"சொல்லமாட்டன்."

வைத்துவிட்டான். குழம்பு ஆறிப்போனது. ஒருத்தியாக எவ்வளவைத் தின்பது? அவனைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்? அழுதேன். ஆனாலும் அந்த வீடியோவை எடுக்கமாட்டேன்.

இழந்தவர்கள் இவ்வளவுதான். கணவர், மாமியார்: இராணுவத்தின் ஷெல். மகள் ஸ்டெல்லா: எங்கள் தலைவரின் ஆணை. தம்பி: உயிரோடு, சிந்தாதிரிப்பேட்டையில்.