கயிற்றோரத்து நாற்காலி

பழைய பந்தயக் காரைத் துடைக்க ஈரத்துணி ஆகாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. காய்ந்த துணி வேண்டும், பொறுமை வேண்டும். எனக்கு இரண்டும் உண்டு ஐயா. அருங்காட்சியகத்தில் பந்தயக் கார் கண்காட்சி தொடங்கிய நாளிலிருந்து அந்தக் கூடத்துக்குக் காவலும் நான்தான், துடைப்பதும் நான்தான்.

கூட்டம் வரும், போகும். கழிப்பறை எந்தப் பக்கம் என்பதைத் தவிர என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. வீட்டிலும் பேச ஆளில்லை. டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு சாப்பிடுவேன்.

ரேஸ்காரர் மட்டும் வேறு. அந்தச் சிவப்புக் காரை இளவயதில் ஓட்டியவர். செவ்வாய்தோறும் அதைப் பார்க்க வருவார். காரைச் சுற்றிக் கட்டிய தடுப்புக் கயிற்றோரம் அவருக்கு நாற்காலி போட்டுவைப்பேன். "தேங்க்ஸ் தம்பி" என்பார். அப்புறம் காரையே பார்த்தபடி, எந்த வளைவில் வழுக்கியது, யார் முந்தினார்கள் என்று பேசிக்கொண்டிருப்பார். நான் பக்கத்தில் நின்று கேட்பேன். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாட்களைத் தள்ளினேன்.

கண்காட்சி முடியப்போகிறது என்றார்கள். கடைசி நாளில் முற்றத்தில் அவரே காரை ஒரு சுற்று ஓட்டுவதாக ஏற்பாடு. மறுநாள் மகள் அவரை வெளிநாட்டுக்குத் தன்னோடு கூட்டிப்போகிறாள்.

"நாற்காலி தூக்குற வேலை இனிமே உனக்கு மிச்சம் தம்பி" என்று சிரித்தார்.

காட்சிக்கு வைக்கும் காரில் பெட்ரோல், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் வடித்துவிடுவார்கள். கடைசி நாள் காலை மெக்கானிக் வந்து நிரப்பி, ஓட்டிப் பார்த்துவிட்டுக் கை கழுவப் போனார். துணியோடு நான் காருக்கு அடியில் குனிந்தால் ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். பிரேக் குழாயின் இணைப்பைத் தளர்த்தினேன். கொஞ்சம்தான். அவர் காலில் ஒரு கட்டு விழுந்தால் பயணம் தள்ளிப்போகும். ஆஸ்பத்திரியில் நான் பக்கத்தில் உட்காரலாம். அங்கே நாற்காலி போட்டிருப்பார்கள்.

அந்தக் காரில் சீட் பெல்ட் கிடையாது என்பது எனக்குத் தெரியும். விளக்கப் பலகையிலேயே எழுதியிருக்கிறது. தினமும் நான் துடைக்கிற பலகை.

மகள், மெக்கானிக், நான் மூவரும் முற்றத்து ஓரமாக நின்றிருந்தோம். வளைவில் கார் திரும்பாமல் நேராகச் சுவரை நோக்கிப் போனது. "தம்பி, பிரேக் பிடிக்கல" என்று கத்தினார். அதுதான் அவருடைய கடைசிப் பேச்சு. அவரைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். அப்பா கூப்பிட்டது மெக்கானிக்கைத்தான், அவர் எல்லோரையும் தம்பி என்பார் என்று மகள் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். பாவம், ஆற்றாமையில் பேசுகிறாள். பெற்ற மகள் கண்ணெதிரே நிற்கும்போது அவர் என்னைத்தான் கூப்பிட்டார் ஐயா.