நகராட்சிக்கு வரைபடம் வரைந்த நாலாம் வகுப்பு ஆசிரியைக்கு

வினாக்களை விதைத்து விழிப்பை விளைவித்த வித்தகியே! பாடநூலை மூடிவைத்துப் பிள்ளைகளின் வாயைத் திறந்துவைத்த பண்பின் பெட்டகமே! எங்களால் முதுகுக்குப் பின்னும், மாணவர்களால் முகத்துக்கு நேரேயும் ‘ஏன் டீச்சர்’ என்று அழைக்கப்பட்ட அன்புச் சகோதரியே! வணக்கம்.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் இப்பள்ளிக்கு வந்த முதல் வாரத்திலேயே, ‘உள்ளாட்சி’ பாடத்தை வாசிக்காமல், “நம்ம ஸ்கூல் கேட்டுக்கு முன்னால வண்டியெல்லாம் பறக்குதே, ஒரு வேகத்தடை வேணும்னா யாரைக் கேக்கணும்?” என்று மட்டும் கேட்டுவிட்டு அமர்ந்துவிட்டீர்கள். முப்பத்தாறு பிள்ளைகளும் முழித்தனர். பக்கத்து அறையில் நாங்களும் முழித்தோம்.

பத்து நாள் வாசலில் நின்று வண்டிகளை எண்ணிய பிள்ளைகள், தங்களுடன் நகராட்சி அலுவலகம் சென்றனர். வரவேற்பாளர் எழுத்தரைக் காட்டினார். எழுத்தர் மேற்பார்வையாளரைக் காட்டினார். அவர் பொறியாளரைக் காட்டினார். பொறியாளரோ வரவேற்பில் கேட்கச் சொன்னார். சளைக்காத சிறார்கள் மேசைக்கு மேசை அம்புக்குறியிட்டுப் படம் வரைந்தனர். படம் வட்டமாக முடிந்தது.

பொறியாளர் புகார் செய்ய, அன்றைய தலைமையாசிரியர் கொதித்தார். “பாடத்தை முடிங்கம்மா, ஊரைத் திருத்த வேணாம். இன்னொரு தடவை நடந்தா வேற ஸ்கூல் பாத்துக்குங்க. விளக்கம் எழுதிக் குடுங்க!” தாங்களோ விளக்கமாக அந்தப் படத்தையே கொடுத்தீர்கள். அதை அவர் புகாருக்குப் பதிலாக அப்படியே நகராட்சி ஆணையருக்கு அனுப்ப, ஆணையர் நேரே வகுப்புக்கே வந்துவிட்டார். தங்கள் வேலை போயிற்று என்றே நாங்கள் நினைத்தோம். அப்போது இரண்டாம் வரிசைச் சிறுமி எழுந்தாள்.

“சார், இதுல உங்க மேசை எங்க வரும்?”

ஆணையர் வெகுநேரம் தேடினார். பிறகு பேனாவை எடுத்து, வட்டத்துக்கு வெளியே ஒரு கட்டம் போட்டார். “இங்கதான். கையெழுத்து நான் போடணும். என்கிட்ட ஃபைலே வரலைம்மா.”

அதிலிருந்து பதினோராம் நாள் வேகத்தடை வந்தது. தலைமையாசிரியரே ஸ்கூட்டரில் வந்து முதலில் அதில் ஏறிக் குதித்தார். அவருடைய மதியச் சாப்பாடு சாலையில் சிந்தியது. விளக்கக் கடிதம் கேட்ட கோப்பை அன்றே மூடிவிட்டார்.

அதன்பின் தங்கள் மாணவர்கள் ஆண்டுதோறும் ஐந்தாம் வகுப்புக்கு வந்து, “இதை எப்படிக் கண்டுபிடிச்சாங்க?” என்று எங்களைக் குடைந்தனர். பதில் தேடி, வேலைக்குச் சேர்ந்தபின் நாங்கள் படிக்கத் தொடங்கியது அப்போதுதான். அந்தத் தொல்லைக்குத் தலைவணங்குகிறோம்.

மருந்து எழுதும் மருத்துவரையும் ‘ஏன்’ என்று மடக்கும் மனவலிமையோடு, நோய் நொடி நெருங்காமல், தாங்கள் நெடுங்காலம் நிறைவாய் வாழ்க!

நேற்று தங்கள் வகுப்புப் பிள்ளைகள் நோட்டும் பென்சிலுமாக ஆசிரியர் அறைக்கு வந்தனர். “டீச்சர் ரிட்டயர் ஆகணும்னு யாரு முடிவு பண்ணினது? அந்த ஆபீஸ் எங்க இருக்கு?”

முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டோம்.

அக்குற்றத்தை ஒப்புக்கொள்ளும்,
ஆசிரியர்களும் அலுவலகப் பணியாளர்களும்